முள் ஆடிய மீட்டர்

வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் ஆயில் மீட்டரின் முள் மெல்ல ஏறி இறங்கும். பிலோமி டீச்சரின் அப்பா, சாகும்வரை அந்த அம்பாசடருக்குள் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரப்பர் ஓஸு ஆயில்ல ஊறி வெடிக்கப் போவுது டீச்சர். மீட்டருக்கு எந்தக் கோட்டிக்காரன் காத்து ஓஸை மாட்டுனான்?" என்றார் மெக்கானிக் மாரிராஜ்.

"எங்கப்பாதான் அண்ணாச்சி. எங்க கஸ்பார் அண்ணன் கடல்ல சங்கு குளிக்கப் போனப்ப மூச்சு விட வாயில கடிச்சிருந்த ஓஸு. ஆளு கிடைக்கல. இதுதான் மேல வந்துச்சு."

மாரிராஜ் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எஞ்சின் ஓடுறப்ப முள்ளு ஏன் அப்படி ஏறி இறங்குது?" என்று அவள் கேட்டாள்.

"உள்ள காத்து அடைச்சு நிக்கு. கழத்துனா போயிரும்."

 அவள் கழற்றச் சொன்னாள்.

எஞ்சின் அணைந்து அரைமணி நேரமாகியிருந்தது. அவர் நட்டைத் தளர்த்தியதும் காற்று சீறியது. ஒரு முழ ஓஸிலிருந்து அது வந்துகொண்டே இருந்தது. மாரிராஜ் பின்வாங்கினார்.

பிலோமி குனிந்து ஓஸின் முனையைக் கட்டைவிரலால் அடைத்தாள்.

"விரலை எடுங்க டீச்சர்."

விரலுக்கடியில் அது விட்டுவிட்டு முட்டியது. அவள் எடுக்கவில்லை.