உப்புத் தண்ணியில் நிற்கிற நுரை

தாடியோடு உள்ளே விடமாட்டேன் என்று மகிமா மேடம் சொன்னது வெள்ளிக்கிழமை.

எண்ணூர் பக்கம் ஓர் ஆலையில் வருஷத்துக்கு ஒருமுறை கொதிகலனை நிறுத்துவார்கள். அடியில் சேர்ந்த சாம்பலை நாங்கள் இறங்கி அள்ளுவோம். மாஸ்க்கு மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அதன் ரப்பர் தோலோடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் மயிர் இருந்தால் சாம்பல் அந்த வழியாகப் புகுந்துவிடும். போன வருஷம் இதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. நானும் தாடியோடு இறங்கினேன். மழைக்காலம் வரைக்கும் சாம்பல் நிறத்தில் துப்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் பாதுகாப்புக்கு என்று மேடத்தைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். "திங்கக்கிழமை முகத்த வழிச்சிட்டு வாங்கண்ணே. மாஸ்க்கு டெஸ்ட்டுல தேறினாத்தான் உள்ள. இல்லன்னா மேஸ்திரி வேற ஆள் போட்டுக்குவாரு" என்றார்.

வழிப்பது ஒரு பெரிய வேலையா? எனக்குப் பெரிய வேலைதான். வழித்த மறுநாள் கழுத்தெல்லாம் கொப்புளம் போடும். மயிர் தோலுக்குள்ளேயே சுருண்டு சீழ் கட்டும். அதற்குப் பயந்துதான் தாடி. கொப்புளத்தின் மேலும் ரப்பர் உட்காராது. ஆக, தினமும் வழிக்கவும் வேண்டும், தோலும் கெடக்கூடாது. சலூனுக்குப் போகலாம் என்றால், விடியற்காலை வண்டி ஏறுகிறவனுக்கு எந்த சலூன் திறந்திருக்கும்?

சனிக்கிழமை குளிக்கிற சோப்பைத் தேய்த்து, கன்னத்தில் கொஞ்சம் வழித்துப் பார்த்தேன். எங்கள் எர்ணாவூர் போர் பைப்பில் வருவது உப்புத் தண்ணி. சோப்பு நுரைக்காமல் திரிதிரியாக ஒட்டியது. பிளேடு நேராகத் தோலில் ஓடியது.

என் வீட்டுக்காரி அன்புக்கரசி பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது? கோழிய உரிச்சா மாதிரி கீது! ஒழுங்கா ஒரு சோப்பு வாங்கினு வா, போ" என்று துரத்தினாள்.

கூட வேலை செய்கிற எழிலனின் வண்டியில் திருவொற்றியூரில் ஆவுடையம்மாள் கடைக்குப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். வருஷக் கணக்காக அங்கேதான் எங்களுக்கு மளிகை.

"தாடிய எடுக்கப் போறியளா? பொறவு உங்கள எப்படி அடையாளம் கண்டுபிடிக்க?" என்று சிரித்துக்கொண்டே மூன்றை எடுத்து வைத்தார். அமுக்கினால் நுரை வரும் டின், ட்யூப், வட்டமான சவரச் சோப்பு.

டின்னைத் தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை.

"அது வேண்டாம்ணே. பாதிக்கு மேல காத்துதான். காசு குடுத்து யாராவது காத்த வாங்குவாவளா?" என்றார் ஆவுடையம்மாள்.

"ட்யூப வாங்கிக்க மாமு" என்றான் எழிலன். "சினிமாக்காரன் மாதிரி தேய்ச்சிகினு நிக்கலாம்."

அட்டையைத் திருப்பிப் படித்தேன். பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம் வாசனையின் பெயர். சின்ன எழுத்து எனக்கு இன்னும் அவ்வளவு ஓடாது.

ஆவுடையம்மாள் மிட்டாய் பாட்டில் மூடிகள் இரண்டை மல்லாத்தி வைத்தார். கடைப் பையன்கள் பிரித்துப் போட்ட பழைய ட்யூப் ஒன்றையும் வட்டச் சோப்பு ஒன்றையும் எடுத்தார். "விக்க முடியாது, அடிச்சிப் பாருங்க" என்று ஒரு பிரஷ்ஷையும் கேன் தண்ணியையும் கொடுத்தார். ட்யூபில் நுரை சட்டென்று எழும்பியது. வட்டச் சோப்பில் மெதுவாக வந்தது.

"பாத்தியா? ட்யூபு கெலிச்சிருச்சி!" என்றான் எழிலன்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இங்கே அடித்தது கேன் தண்ணி. நாளைக்கு என் முகத்தில் படப்போவது எங்கள் தெருத் தண்ணி. சோப்பு நல்லதா இல்லையா என்று சோப்பை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது?

"வண்டிய எடுறா, வூட்டுக்குப் போய் ஒரு பாட்டில் தண்ணி புடிச்சினு வரலாம்."

"நுரைக்காக எர்ணாவூருக்கா? பேஜாரா கீதே உன்னோட" என்று திட்டிக்கொண்டேதான் வந்தான்.

உப்புத் தண்ணியில் ட்யூப் நுரை பொங்கியது. ஆனால் பெரிய பெரிய காற்று முட்டை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைந்து மூடியெல்லாம் தண்ணீராக ஓடியது. வட்டச் சோப்போ நுரைக்கவே இல்லை, மோர் திரிந்த மாதிரி ஆனது.

"ரெண்டும் தண்டம்" என்றான் எழிலன்.

ஆவுடையம்மாள் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "ஏன்ணே தண்ணிய அந்த ஊத்து ஊத்துதிய? செடிக்கா ஊத்துதிய? பிரஷ்ஷ உதறிட்டுத் தேய்ங்க. உப்புத் தண்ணிக்கு சோப்பு கூடத்தான் வேணும். பசையா வந்த பொறவு சொட்டு விடுங்க."

பிரஷ்ஷை உதறினேன். வட்டச் சோப்பின் மேல் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். பசையாக ஏறியது. பிறகு ஒரு சொட்டு, அடித்தேன், இன்னொரு சொட்டு. கலவை போடுகிற கணக்குத்தான். சிமெண்ட்டுக்கு முதலிலேயே தண்ணீரைக் கொட்டினால் ஓடிவிடும். கொஞ்ச நேரத்தில் முட்டையே இல்லாத நுரை, தயிர் ஏடு மாதிரி. மூடியைச் சாய்த்தேன். நகரவில்லை. எதிர்க் கடையில் போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். அப்படியே நின்றது.

"சரிதான்" என்றான் எழிலன். அவ்வளவுதான் அவன் பாராட்டு.

அதே சோப்பு பிளாஸ்டிக் கிண்ணத்தோடு ஒரு விலை, வெறும் காகிதம் சுற்றி ஒரு விலை. கிண்ணம் வீட்டில் இருக்கிறது. காகிதம் சுற்றியதையே வாங்கினேன். ஆறு மாசம் ஓடும் என்றார் ஆவுடையம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை சுடுதண்ணி வைத்து முகத்தை ஊறவிட்டேன். நுரை தடவி, கொஞ்சம் பொறுத்து, அழுத்தாமல், மயிர் போகிற திசையிலேயே வழித்தேன். மறுபடி நுரை, மறுபடி ஒரு முறை. திங்கட்கிழமை விடிந்து கழுத்தைத் தடவினால் ஒரு கொப்புளம் இல்லை. தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ வருஷமாக என் தோலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆலையில் தலைமேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கூண்டு ஒன்றைக் கவிழ்த்தார்கள். உள்ளே மாஸ்க்கு மாட்டியிருப்போம். மேடம் ஓர் ஓட்டை வழியாகக் கசப்பு மருந்தைப் புகையாக அடிப்பார். நாக்கில் கசப்பு தெரிந்தால் மாஸ்க்கு ஒழுகுகிறது என்று அர்த்தம்.

எழிலன் முன்னாடியே காதில் சொல்லியிருந்தான்: "கசந்தாலும் கசக்கலன்னு சொல்ட்டு வா மாமு. உன் நாக்குல வந்து எட்டியா பாக்கப் போறாங்க?"

அடித்தார். வாயால் மூச்சு இழுத்தேன். வேப்பெண்ணெய் மாதிரி கசந்தது.

வேலை கையை விட்டுப் போனது போல இருந்தது. முகம் வழவழவென்று இருக்கிறது, தோல் சுத்தமாக இருக்கிறது, இன்னும் என்ன? கசக்கலை என்று தலையாட்டினால் இன்றைக்கே வேலை. மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏமாற்றுவதென்றால் அவரை ஏமாற்றிவிடலாம். இந்தக் கசப்பு வந்த வழியில்தானே சாம்பலும் வரும்? அதை யாரிடம் போய் இல்லை என்று சொல்வது?

"கசக்குது மேடம்."

வெளியே எழிலன் தலையில் அடித்துக்கொண்டான்.

மேடம் கூண்டைத் தூக்கி என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "வழிச்சதுல குறையே இல்ல. கடவாப் பல்லு போயிருச்சாண்ணே?"

"ரெண்டு பக்கமும் போச்சு."

"அதான். கன்னம் குழிஞ்சிருக்கு. தாடி மறைச்சிக்கிட்டு இருந்திருக்கு." பெட்டியிலிருந்து பிரிக்காத சின்ன மாஸ்க்கு ஒன்றை எடுத்தார். "பொம்பளையாளுங்க வருவாங்கன்னு வாங்கினது. ஒடுங்கின முகத்துக்கு இதுதான் ஒட்டி உட்காரும்."

"லேடீஸ் மாஸ்க்கா! பூவும் வெச்சி அனுப்புங்க மேடம்" என்றான் எழிலன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுபடி கூண்டு, மறுபடி புகை. மூச்சை இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னார். அப்புறம் ஒரு தாளைக் காட்டி, "சத்தமாப் படிங்க. பேசும்போதும் விலகக் கூடாது" என்றார். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு எழுத்து வந்ததே நாற்பதுக்கு மேல். கூட்டிக் கூட்டித்தான் படித்தேன். "அவ... சரக்... காலத்தில்..."

"மாமு, நீ படிச்சி முடிக்கறதுக்குள்ள அள்ளுற வேலையே முடிஞ்சிடும் போல கீதே!"

மேடம் அடித்துக்கொண்டே இருந்தார். வாய் திறந்து மூடுகிறது, கன்னம் அசைகிறது, ரப்பர் கூடவே அசைகிறது. கசப்பு வரவில்லை.

"போதும்ணே, பாஸ்" என்றார் மேடம்.

கடைசி வரியில் இன்னும் இரண்டு சொல் பாக்கி இருந்தது. கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, அதையும் படித்து முடித்தேன்.