ஒரே கையெழுத்தில் பதினொரு பேர்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, என் சந்தேக புத்தியில் பிறந்தது.

எண்பத்தொன்றில் நான் ஒரு ஞாயிறு இதழில் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். சொந்தமாக அச்சடித்த மாயக்கதைப் புத்தகங்களை வாசகர்களுக்கு எடுத்துச் சொல்வது என் வேலை. மலேசியாவின் பேரா மாநிலத்தில் அப்போது அப்படி எழுதுகிறவர்கள் திடீர் திடீரென்று முளைத்தார்கள். பகலில் லாரி ஓட்டுவார்கள், பலகை அடுக்குவார்கள். மிச்ச நேரத்தில் ராஜ்ஜியம் ஆள்வார்கள். ஈப்போவில் ஒரு சின்ன அச்சகத்தில் முந்நூறு பிரதி போட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு கோயில் திருவிழாக்களில் விற்பார்கள். சொந்தக் காசில் சூனியம் என்று என் நண்பர்கள் கேலி செய்வார்கள். நான் கேலி செய்யவில்லை, சந்தேகப்பட்டேன். கேலியே தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "புந்தோங்கில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்..." [வேண்டாம். ஈப்போவில் எந்த மாலையில்தான் மழை இல்லை?]

இரண்டாம் முயற்சி: "சன்னாசி என்ற அற்புதமான எழுத்தாளரை நான் முதன்முதலில்..." [பொய். அப்படி நினைத்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.]

மூன்றாம் முயற்சி: சன்னாசி சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எழுபத்திரண்டில் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து பலகை ஆலையில் சேர்ந்தார். 'பெரட்டுக் கோட்டை' அவர் எழுதிய ஒரே நாவல். [இது நிற்கட்டும்.]

3

அந்த நாவலைப் பற்றி அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

ஒரு கோட்டை. விடிவதற்கு முன் எல்லாரும் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் வரிசைக்கு, வந்து நிற்க வேண்டும். கணக்கு எழுதும் கிராணி புத்தகத்தைப் பார்த்துக் கூப்பிடுவான். யார் பேர் விட்டுப்போகிறதோ அவர் பாதத்திலிருந்து மறையத் தொடங்குவார். புத்தகத்தில் பேரே ஏறாத ஒருத்தி இருக்கிறாள். கழுத்துவரை மறைந்துவிட்டாள். கோட்டையில் உள்ள அத்தனை பேருடைய பேரும் அவளுக்கு மனப்பாடம். மற்றவர்களின் பேரை அவள் கூப்பிடக் கூப்பிட அவர்களுடைய கால்கள் திரும்பி வருகின்றன. அவள் பேரைக் கூப்பிடத்தான் ஆளில்லை. அவள் பேர் அவள் தம்பிக்கு மட்டும் தெரியும். அவனோ கோட்டையை விட்டுப் போய்விட்டான்.

அச்சுப்பிழைகள் ஏராளம். அறுபதாம் பக்கத்தில் செத்த குதிரை எண்பதில் மறுபடியும் சாகிறது.* இருக்கட்டுமே. படித்து முடித்த மறுநாள் காலையில் நான் என் கால் விரல்களைக் குனிந்து பார்த்தேன். அந்த வேலையைச் செய்கிற புத்தகங்கள் அதிகம் இல்லை.

* குதிரை பிடிக்காதவர்களுக்கு: ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் தையல்காரி நல்லம்மாள் ஒரு நாவல் போட்டிருந்தார். கடல் ஒரு நாள் வற்றிப்போய்த் திரும்பி வராத கதை. சனங்கள் கடலடித் தரையில் நடந்தே நாகப்பட்டினம் போகிறார்கள். கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

4

இவ்வளவு பிடித்தும் 'பெரட்டுக் கோட்டை'யைப் பற்றி நான் நல்லதாக ஒரு வரி எழுதவில்லை. காரணம், கடிதங்கள்.

ஒரே வாரத்தில் பதினொரு கடிதங்கள் வந்தன. எல்லாம் சன்னாசியின் பழைய தோட்டத்திலிருந்து. எல்லாம் அந்த நாவலைப் பற்றி. சின்னையா, சீனி, காளியம்மா, கருப்பம்மாள் என்று பதினொரு பேர். கையெழுத்து மட்டும் ஒன்று. பச்சை மை. 'ழ'வின் வால் அடுத்த வரியைத் தொட்டது.

தன் புத்தகத்துக்குத் தானே வாசகர் கடிதம் எழுதிக்கொள்கிற ஆசாமிகளை எனக்குத் தெரியும். முதல் கடிதத்தில், சின்னையா எழுதியதாக இருந்ததில், இரண்டு வரி படித்தேன். மற்றவற்றில் கையெழுத்தை மட்டும் ஒப்பிட்டேன். அடுத்த ஞாயிறு இப்படி எழுதினேன்: "பெரட்டுக் கோட்டைக்குப் பதினொரு வாசகர்கள் இருக்கிறார்கள். பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரே கைதான் இருக்கிறது." எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். கடிதங்கள் குப்பைக்குப் போயின.

5

எண்பத்து மூன்றில், தைப்பூசம் கழிந்த வாரம், சன்னாசி என்னைத் தேடி வந்தார். புந்தோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். நாற்பது வயதிருக்கும், காதோரத்தில் மரத்தூள். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சண்டைக்கு வரலண்ணே. நீங்க கேலி பண்ணுனீங்களே, அந்தக் கடுதாசிங்க இருக்கா?"

"அத நீங்கதானே எழுதுனீங்க?"

"நான் எழுதலலா. தோட்டத்துல நவமணின்னு ஒரு பொண்ணு, ஆயாக்கொட்டாயில புள்ளைங்கள பாத்துக்கும். எழுதத் தெரியாத பெருசுங்களுக்கு எல்லாமே அதுதான் எழுதும். ஐசி பாரமா, சாவுக் கடுதாசியா, எல்லாம். என் புஸ்தகத்த வாசிச்சுக் காட்டியிருக்கு. கேட்டவங்க சொல்லச் சொல்ல எழுதிப் போட்டிருக்கு."

[இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நவமணி கதைக்கு வசதியாக வந்து சேர்ந்த ஆள் என்று நீங்கள் சந்தேகிக்கலாம். நானும் சந்தேகித்தேன். ஆனால் நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். என் அம்மா எனக்குப் போட்ட கடிதங்களையும் அடுத்த வீட்டுக்காரர்தான் எழுதினார். அவற்றை நான் போலி என்று சொன்னதே இல்லை.]

"கருப்பம்மாள்னு ஒண்ணு வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு."

"எங்க அக்கா."

அக்காவிடம் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் அடையாள அட்டை. அதைக் குடிமக்களுக்கான நீல அட்டையாக மாற்ற, தம்பி ஆபீசுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

"பாரத்த கையில வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல காத்துக்கிட்டு இருந்துச்சு. நான் போகல. அன்னிக்குத்தான் ஈப்போவுக்கு ஏறிட்டேன். அப்புறம் அது மொகத்துல முழிக்க எனக்குத் தைரியம் வரல. அதுக்குத்தான்ணே அந்தப் புஸ்தகமே எழுதுனேன்."

அக்கா போன மாதம் இறந்துவிட்டார். அந்தப் புத்தகத்தைக் கேட்டு அக்கா என்ன சொன்னார் என்று நவமணி கருமாதி வீட்டில் சன்னாசியிடம் சொல்லியிருக்கிறாள்.

"அப்புறம் என்ன? தெரிஞ்சுபோச்சே" என்றேன்.

"சாவு வீட்டுல யாருலா கெட்டது சொல்வா? உசுரோட இருக்கும்போது சொன்னது அந்தக் கடுதாசிலதான் இருக்கு." என்னை உற்றுப் பார்த்தார். "என்னா மையில இருந்துச்சு?"

"பச்சை."

"எழுத்து?"

"'ழ'வுக்கு வால் நீளம். அடுத்த வரிய தொடும்."

அவர் தோள்கள் இறங்கின. என்னை நம்பிவிட்டார்.

"அப்ப பாத்திருக்கீங்க. நவமணி சொன்னத நான் சொல்ல மாட்டேன். அக்கா என்னா சொல்லியிருந்துச்சு, நீங்க சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா நம்புறேன்."

6

முடிவு ஒன்று: "உங்களை மன்னித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்" என்கிறேன். பொருந்தினால் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். பொருந்தாவிட்டால் நவமணி சொன்னதும் பொய்யாகிவிடும். [அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: "வீட்டில் இருக்கிறது, நாளை தருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பச்சை மை வாங்கி... [இதை எழுதும்போது 'ழ'வுக்கு வால் இழுத்துப் பழகியும் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.]

மூன்று, நடந்தது:

"நான் படிக்கல" என்றேன்.

"ஒரு வரிகூடவா?"

"கையெழுத்த பாத்தேன். படிக்காம தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் கோபப்படவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார்.

"அன்னிக்கே படிச்சிருந்தா பேப்பர்ல போட்டிருப்பீங்க. போட்டிருந்தா நான் பாத்திருப்பேன். அக்கா அப்ப உசுரோட இருந்துச்சுண்ணே. ரெண்டரை மணி நேர பஸ்ஸு."

7

இதற்கு மேல் எழுதினால் அவர் எழுந்து போக வேண்டும், அல்லது என்னை மன்னிக்க வேண்டும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் நானே நம்பவில்லை.

நவமணி சொன்னதை அவர் நம்ப வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? யாரையும் நம்பாமலே பேர் வாங்கியவன் நான். நீங்கள் அப்படியல்ல. அவர் புத்தகத்தின் கதையை மூன்றாம் பகுதியில் கேட்டிருக்கிறீர்கள். அக்காவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும்.

நான் எழுந்துகொள்கிறேன். என் நாற்காலியில் உட்காருங்கள். எதிரே அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.