விளக்குக் கம்பம்

ஆர்வில் டெஷ்னர் பேஸ்பால் ஆடியது எட்டே வருடம். அதற்காகப் பேச்சு வாங்கியது நாற்பது வருடத்துக்கு மேல். அதனால் அமெரிக்காவில் பியோரியா என்ற ஊரில் அவர் வீட்டுக் கதவைத் தட்டிய இளைஞன், "உங்க பழைய கணக்கைப் பத்திப் பேசணும் சார்" என்றதும் அவருக்கு அலுப்புத்தான் வந்தது.

"என்னத்தப் பேச? இருநூத்தி நாப்பத்தெட்டு. ஊருக்கே தெரியும்."

அது அவருடைய பேட்டிங் சராசரி, ஆயிரம் வாய்ப்புக்கு எத்தனை முறை அடித்து பேஸுக்குப் போனார் என்ற கணக்கு. 1930களில் முந்நூறு எடுக்காதவனை முடிவெட்டுகிறவன்கூட மதிக்க மாட்டான். டெஷ்னரோ அடிக்க வாகில்லாமல் விலகி வரும் கெட்ட பந்தைத் தொடவே மாட்டார். மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி சிலையாக நிற்பார். நான்கு கெட்ட பந்து வந்தால் அடிக்காமலே, ரன் எடுக்கச் சுற்றிவரும் நான்கு முனைகளில் முதலாவதான முதல் பேஸுக்கு நடந்து போகலாம் என்பது விதி. அவருக்குப் பாதி நாள் அந்த நடராஜா சர்வீஸ்தான். பாழாய்ப்போன சராசரியில் நடையைச் சேர்ப்பதில்லை. "ஏய் விளக்குக் கம்பம்! அசையேன்டா!" என்று கூட்டம் கத்தும்.

வந்தவன் பெயர் லைல். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. பழைய ஆட்டக் கணக்குகளைக் கிளறுவதில் பைத்தியம். டெஷ்னரின் மனைவி எட்னா வைத்த ஐஸ் டீயைத் தொடாமலே பேசினான்.

"அடிச்சு ஓடினா என்ன, நடந்து போனா என்ன? பேஸ்ல ஆள் நின்னாத்தானே சார் ரன் வரும்? உங்க காலத்துல உங்களை மாதிரி எல்லையில நின்ன அவுட்ஃபீல்டர் எல்லாரையும் வரிசையா வச்சுப் பார்த்தேன். பேஸுக்குப் போனதுல உங்களுக்கு மேல ரெண்டே பேர். முந்நூறு அடிச்சு மார் தட்டினவங்கள்ல பாதிப் பேர் உங்களுக்குக் கீழ."

"சும்மா கதை விடாத தம்பி."

"கதையில்ல சார். ஒண்ணுதான் புரியல. கடைசி வருஷம் நடை பாதியாயிடுச்சு, சராசரியும் விழுந்துடுச்சு. கையில ஏதாவது அடியா?"

"கை நல்லாத்தான் இருந்துச்சு. காஸ்னு ஒரு மேனேஜர். 'வேடிக்கை பார்க்கவா சம்பளம்? வந்ததை அடிடா'ன்னான். அடிச்சேன். சீசன் முடிஞ்சதும் கழட்டி விட்டுட்டான். மொதல்லேருந்தே அடிச்சிருக்கணும்னுதான் இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன்."

"நினைச்சதோட விட்டீங்களா?" என்றாள் எட்னா. "வெர்ன் தலையிலயும் அதைத்தானே கட்டினீங்க?"

வெர்ன் அவர்களுடைய ஒரே மகன். அப்பனுக்குத் தப்பாத கண் அவனுக்கு. கெட்ட பந்து எதுவென்று அது கையை விட்டுக் கிளம்பும்போதே தெரியும். கொல்லையில் பந்து போட்டபடி இவர் தினமும் கத்துவார்: "நிக்காதடா! அடி!" அவனும் அடிக்கக் கற்றுக்கொண்டான். பெரிய அணிகளுக்கு ஆள் தயார் செய்யும் சின்ன லீக் ஒன்றில் சேர்ந்தான். கோடை முடிவதற்குள் மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள். இப்போது டேடனில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறான். போன் செய்து இவர் எடுத்தால், "அம்மா இருக்காங்களா?" அவ்வளவுதான் பேச்சு.

பழைய ஆட்டக்காரர்கள் விருந்தில் இந்தக் கணக்கைப் படிக்கட்டுமா என்று கையிலிருந்த தாளைக் காட்டி லைல் கேட்டான்.

"விருந்தும் வேணாம் ஒண்ணும் வேணாம். அந்தத் தாளை மட்டும் வச்சிட்டுப் போ."

அவன் போனபின் டெஷ்னர் வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமாக இருந்தது. கடைசியில் எட்னாதான் நம்பரைச் சுழற்றி ரிசீவரை அவர் கையில் கொடுத்தாள்.

"வெர்ன், அப்பா பேசறேன்."

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அம்மா நல்லா இருக்கா. கெட்ட பந்தை விட்டுட்டு நிப்பியே, அதுதான்டா சரி. ஒருத்தன் கணக்குப் போட்டுக் காட்டிட்டுப் போறான். நான்தான் உன்னைக் கெடுத்தேன்."

அந்தப் பக்கம் ஸ்பேனர் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பதினேழு வயசுல இதைத்தான்ப்பா உங்ககிட்ட சொன்னேன்," என்றான் வெர்ன்.

"ஆமா. சொன்ன."

வெர்ன் அம்மாவைக் கேட்கவில்லை. போனையும் வைக்கவில்லை.