கணக்கில் குடுவை

மனைவி மாடியில், புருஷன் கீழே. ஒரே ஆய்வகம்தான். வெயில் பட்டால் மின்சாரம் தரும் கார்பன் பொருள்களில் எலக்ட்ரான் எவ்வளவு சுலபமாக ஓடும் என்று அவள் கணினியில் போட்டுப் பார்ப்பாள். அதே பொருளை அவர் நிஜத்தில் காய்ச்சி எடுப்பார். எப்போதும் கையில் குடுவையோடு திரிவதால் அவருக்குக் குடுவை என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவள் அப்படி என்ன கொலைக்குற்றம் செய்துவிட்டாள்? இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மூலக்கூறின் இரண்டு பக்கமும் தொங்கும் நீள வால்களைக் கணினியில் வெட்டிவிட்டாள். எலக்ட்ரான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. வாலோடு போட்டால் கணக்கு ஒரு மாசம் இழுக்கும். குடுவையோ அந்த வால்களை ஒட்டவைக்கத்தான் பதினோரு மாசம் நாயாய் உழைத்திருந்தார்.

மீட்டிங்கில் இயக்குநர் அவள் கணினியில் போட்ட மூலக்கூறின் படத்தைப் பார்த்தார். வால் இல்லை, விடையோ தங்கமாக வந்திருக்கிறது. அப்புறம் வால் எதற்கு என்றார். வால் இருந்தால்தான் பொருள் கரையும், கரைந்தால்தான் கண்ணாடியில் பூச முடியும் என்றாள். கரைவது உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை, பாவி மகளுக்கு.

மனுஷன் அதையே பிடித்துக்கொண்டார். கணக்கில் இல்லாத எதுவும் இனிமேல் ஆய்வகத்தில் இருக்கக்கூடாதாம். வாலை வெட்டச் சொன்னார். கணக்கில் காற்றும் சூடும் இல்லையென்று தெரிந்ததும் கீழ்த்தளத்திலிருந்து இரண்டையும் எடுக்கச் சொன்னார். கணக்கில் இருப்பது ஒரே ஒரு மூலக்கூறு என்று யாரோ சொல்லித் தொலைத்தார்கள். அப்படியானால் ஒன்றே ஒன்று செய்தால் போதும் என்று உத்தரவு போட்டார்.

குடுவை ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டராக மாட்டிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து ஒரு காலிப் புட்டியை மேசையில் வைத்து, உள்ளே ஒன்று இருக்கிறது என்றார். இயக்குநர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிரமாதம் என்று கையெழுத்தும் போட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"உங்க கணக்குல இவர் எங்க இருக்கார்?"

இல்லை என்றால் இன்றோடு அவருக்கு வேலை இல்லை. அவள் கணக்குக் கோப்பைத் திறந்து காட்டினாள். எண்களுக்கு மேலே, தலைப்பு வரியில், 'குடுவை' என்று இருந்தது.

"இந்த வரி என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணாது சார். கணினி இதைப் படிக்கவே படிக்காது."

அழியுங்கள் என்றார். அழித்துவிட்டு ஓட்டினாள். கணக்கு ஓடவில்லை. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். அங்கே எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் அந்த வரி இல்லாமல் அது முதல் அடியே எடுத்து வைக்காது என்று அவளுக்குத் தெரியும். அப்போதும் ஓடவில்லை. கடைசியில் இயக்குநர், சரி, ஆள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுந்து போனார்.

மாடிப்படியில் குடுவை அவளை நிறுத்தினார்.

"எல்லாக் கணக்குலயும் என் பேரையா எழுதியிருக்க?"

"பின்னே? அங்க வேற யார் பேரை எழுதுறதாம்?"