விசில் ஊதினால் நிற்க வேண்டும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு வேளையில் கிடைத்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு டிஸ்பேட்ச் பிரிவில் வேலை. மதியம் என் எதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறவள் குணசுந்தரி. வயது நாற்பத்தாறு. எட்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஓடி வருகிற மூடிகளில் நல்லது கெட்டது பிரிக்கிறவள். அன்று டப்பாவைத் திறக்காமல் நாலாக மடித்த ஒரு தாளைத் திறந்தாள்.

"சத்யா, இத்த படி. தப்பு இருந்தா திருத்து."

'முதல் நாள்: மூணு ஏரி. ஆறு கிலோமீட்டர். ரெண்டாம் நாள்: அருவி. ஒம்பது கிலோமீட்டர், ஏத்தம். செருப்பு கூடாது, ஷூ.'

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். வந்த ஆரம்பங்கள் இவை:

"குணசுந்தரி மலையையே பார்த்தவள் இல்லை." (பொய். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனவள்தான்.)

"ஆலைப் புகைக்கு அப்பால், தொலைவில், நீலமாக ஒரு—" (என்னாலேயே தாங்க முடியவில்லை.)

"பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக அவள் தனக்கென்று லீவு கேட்டாள்." (கேட்கவில்லை. பொங்கலை ஒட்டி மெஷின் பராமரிப்புக்காகக் கம்பெனியே நான்கு நாள் மூடுகிறது.)

ஆரம்பம் சரியாக வரவில்லை. அதனால் இரண்டாவது பகுதியிலிருந்து தொடங்குகிறேன்.

2

அவள் பார்க்கிற மூடிகள் தண்ணீர் பாட்டிலுக்குப் போகிறவை. மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க மேசையில் ஒரு மாதிரி பாட்டில் இருக்கும். அதன் லேபிளில் ஓர் அருவி. பதினெட்டு வருடமாக அந்த அருவியைத் திருகித் திறந்து, திருகி மூடிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் ஆர்டர் விஷயமாக வந்த பாட்டில் கம்பெனி ஆளிடம், "இது எந்த ஊரு அருவி சார்?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். "ஊரும் இல்ல, அருவியும் இல்லம்மா. கம்ப்யூட்டர்ல வரைஞ்சது."

பதினெட்டு வருடம் ஏமாந்ததில் அவளுக்குக் கோபம் வரவில்லை. "அப்போ நெஜமா ஒண்ண பாத்துடணும்" என்றாள். அவ்வளவுதான் இந்தப் பயணத்தின் வரலாறு.

பேக்கிங்கில் இருக்கும் இளமதி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தவள். வழிகாட்டியின் நம்பரைக் கொடுத்தாள். (பூங்காவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் தூரத்தைச் சரிபார்க்கக் கிளம்பிவிடுவீர்கள். கதை நடுவழியில் நின்றுவிடும்.)

குணசுந்தரியின் கணவன் பச்சையப்பன். இரண்டு தெரு தள்ளி ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்தாறு வருடமாகத் தகடு அடிக்கிறவன். திட்டத்தைச் சொன்னதும் "சரி" என்றான். மகள் காலேஜ் ஹாஸ்டலில் இருப்பதால் தடை சொல்ல வேறு யாரும் இல்லை.

(அக்காவை 'அவள்' என்று எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. அவரையும் அவன்னே எழுது. ரெண்டு பேரும் ஒண்ணாதான நடக்கப் போறோம்" என்றாள்.)

3

கும்மிடிப்பூண்டி தட்டையான ஊர். ஏற்றம் என்று ஒன்று வேண்டுமானால் ரயில் நிலைய நடைமேம்பாலம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு இருவரும் புது ஷூவோடு அங்கே போனார்கள். ஏறி, மறுபக்கம் இறங்கி, திரும்ப ஏறி, பன்னிரண்டு சுற்று என்று கணக்கு. மூன்றாவது சுற்றில் கீரை விற்கிற அம்மாள் கேட்டாள்: "இன்னாம்மா, எந்தப் பிளாட்பாரம்னு தெர்ல்யா?"

"மலைக்குப் போறோம்மா."

"இங்கியா?"

பச்சையப்பன் இரண்டு படி முன்னால் போய்க்கொண்டிருந்தான். குணசுந்தரி பின்னாலிருந்து திட்டத்தைப் பேசிக்கொண்டே வந்தாள்.

"குளிருக்குக் கம்பளி எடுத்துக்கலாமா, பெட்ஷீட்டே போதுமா?"

"சரி."

"இன்னா சரி? கம்பளியா, பெட்ஷீட்டா?"

"சரின்னு சொல்றன்ல."

இப்படியே நான்கு கேள்வி. நான்குக்கும் சரி. ஏழாவது சுற்றில் பாலத்தின் உச்சியில் அவன் மூச்சு வாங்க நின்றான். அவள் பக்கத்தில் போய் நின்று, சாதாரணக் குரலில் கேட்டாள்:

"உன்ன அருவில தள்ளி உட்டுட்டு நான் மட்டும் வந்துடட்டுமா?"

அவன் திரும்பிப் புன்னகைத்தான். "சரி, அப்படியே பண்ணிக்கலாம்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இறங்கியவளுக்குப் பாதிப் படியில் சிரிப்பு நின்றது. பக்கத்திலேயே நின்றும் அவன் பால் பொங்கி வழிய விட்டது. போனில் மகள் என்ன சொன்னாலும் ஒரே சொல்லில் பதில். டிவி சத்தத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த சண்டை. ஆம்பிளைக் காது, பொம்பிளை பேச்சு ஏறாது என்று இத்தனை நாளும் அவள் ஒதுக்கி வைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக அந்தப் படியில் வந்து நின்றது.

("அவள் உலகம் அந்தப் படியில் நொறுங்கியது" என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "ஒண்ணும் நொறுங்கல. இன்னும் அஞ்சு சுத்து பாக்கி இருந்துது, நடந்தோம்" என்றாள். எடுத்துவிட்டேன்.)

4

மறுநாள் வழிகாட்டி தணிகாசலம் போன் செய்தார். எல்லை ஊர்க்காரர், தமிழும் தெலுங்கும் கலந்து கடகடவென்று பேசுவார்.

"ஏம்மா, ஒண்ணே ஒண்ணு நாபகம் வெச்சுக்கோ. காட்டுக்குள்ள நான் விசில் ஊதுனா நின்னுடணும். ஒரு அடி எடுத்து வெக்கக் கூடாது. ரெண்டாவது ஏரிக்குக் கரடி தண்ணி குடிக்க வரும். உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு காது நல்லா கீதில்ல?"

"கீது" என்றாள் குணசுந்தரி.

அந்த ஒரு சொல் அவளைத் தூங்கவிடவில்லை. அடுத்த நாள் விளிம்பு உடைந்த மூடிகள் நாற்பது அவள் கையைத் தாண்டிப் போயின. பதினெட்டு வருடத்தில் நடக்காதது. டிஸ்பேட்சில் அதைப் பிடித்தவள் நான். "இன்னாக்கா ஆச்சு?" என்று கேட்டபோதுதான் முழுக் கதையும் என்னிடம் வந்து சேர்ந்தது.

"அவருகிட்ட சொல்லிடுக்கா."

"எப்படிச் சொல்றது? மெதுவா சொன்னா அவருக்குக் கேக்காது. கத்திச் சொன்னா லைன் வீடு மொத்தத்துக்கும் கேக்கும்."

"எழுதிக் காட்டு."

"கட்டின புருசனுக்கு நோட்டீசா ஒட்டுவாங்க?"

மென்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றைக் கத்தித்தான் சொல்ல முடியும் என்றால், அதை எங்கே வைத்துச் சொல்வது? ஒரு பக்கம் யோசித்து எழுதினேன், அதையும் கிழித்தேன். குணசுந்தரி யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிறு நடைப் பயிற்சியைச் சோழவரம் ஏரிக்கரைக்கு மாற்றினாள்.

5

மழை முடிந்து ஏரி நிறைந்திருந்தது. கரைமேல் நல்ல காற்று. பாதி தூரம் போனதும் முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லை. தண்ணீரோரம் கொக்குகள் மட்டும். அவள் நின்றாள். அவன் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். வயிற்றிலிருந்து கத்தினாள்:

"யோவ்! உனக்குக் காது கேக்கல! எனக்குத் தெரியும்யா!"

கொக்குகள் எழுந்து பறந்தன. அவன் நின்றான். திரும்பினான். பிறகு அவனும் கத்தினான். அவளுக்குக் கேட்க அவன் கத்தத் தேவையில்லை என்பது அப்போது இருவருக்குமே தோன்றவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன ஞாயித்துக்கெழமைலேர்ந்து!"

"எனக்கு நாலு வருசமா தெரியும்!"

அவள் ஓடிப் போய்ப் பக்கத்தில் நின்றாள். "ஏன்யா சொல்லல?"

அவன் கரையில் உட்கார்ந்தான். "சொன்னா பிரஸ்ஸ உட்டு எடுத்துடுவாங்க. வருசா வருசம் டெஸ்ட் வெக்கறாங்க. கண்ணாடிப் பொட்டிக்குள்ள உக்கார வெச்சு, சத்தம் கேட்டா வெரல தூக்குன்னுவாங்க. அந்த ஆளு பட்டன் அழுத்தற கை கண்ணாடில தெரியும். அத்த பாத்துத் தூக்கிடுவேன்."

"நாலு வருசமா?"

"நாலு வருசமா."

அவளுக்கு அடிக்க வேண்டும்போல இருந்தது. முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"அருவில தள்ளி உட்டுட்டு வந்துடட்டுமான்னியே," என்றான் அவன். "அது கேட்டுச்சு."

"இன்னாது?"

"எடது பக்கம் நின்ன. அந்தக் காதுல பாதி கேக்கும்."

"கேட்டுமா சரின்ன?"

"நீ மட்டும் எப்படித் தனியா வருவ? உனக்கு வழி தெரியாதே."

6

பச்சையப்பன்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. நான்கு வருடம் ஒரே வீட்டில் இதை மறைக்க முடியுமா? கதைக்காகக் காரணங்கள் செய்தேன். மானம் ஒன்று, மனைவி வருந்துவாள் என்ற கனிவு ஒன்று, மூன்றாவது என்னவென்று எனக்கே மறந்துவிட்டது. எதையும் நம்பாமல் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போய், அவன் இடது பக்கம் உட்கார்ந்து நேரடியாகவே கேட்டேன்.

"யாரும் கேக்கலம்மா" என்றான். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

7

குணசுந்தரி தணிகாசலத்துக்குப் போன் செய்து பொய்யை ஒப்புக்கொண்டாள்.

"இன்னாம்மா இது. கரடி வெளையாட்டா?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "பார்க்கு ஃபாரத்துல உள்ளத எழுதுங்க. டாக்டர் கையெழுத்து வாங்கினு வாங்க. வூட்டுக்கார நைனாவ எனக்கு நேர் பின்னால உட்டுடறேன். நான் நின்னா நிக்கட்டும். அருவிகிட்ட போய்ட்டா எப்படியும் ஒருத்தனுக்கும் காது கேக்காது. அங்க எல்லாருக்கும் கை ஜாடைதான்."

கடைசியில் சொன்னதை அவள் அப்படியே பச்சையப்பனிடம் சொன்னாள். அவன் தலையாட்ட ஆரம்பித்து, நிறுத்தினான்.

"இன்னா? இன்னொரு தபா சொல்லு."

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்து எவ்வளவு நாளாயிற்று! அவள் இன்னொரு தடவை சொன்னாள். அவன் கேட்காமலேயே மூன்றாம் தடவையும் சொன்னாள்.

படிவத்தில் 'உடல் குறைபாடு உண்டா?' என்று ஒரு வரி. அவன் எழுதினான்: 'வலது காது இல்லை. இடது காது பாதி.'

"காதே இல்லன்னா அறுத்து எடுத்த மாதிரி கீதுய்யா. கேக்காதுன்னு எழுது."

"புரியும், உடு."

கையெழுத்துப் போட வேண்டியவர் அவன் கம்பெனி டாக்டர். அவர் படிவத்தைப் படித்துவிட்டு மறுபடியும் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரச் சொன்னார். இந்த முறை அவன் கண்ணை மூடிக்கொண்டான். விரல் மூன்றே தடவைதான் எழுந்தது என்று பிறகு சொன்னார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டார்; கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதினார். பொங்கல் முடிந்ததும் ஸ்டோருக்கு மாற்றம்.

(இங்கே மகிழ்ச்சியாக ஒரு வாக்கியம் போட்டுத் தாண்டிவிடப் பார்த்தேன். நியாயமில்லை.) இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. இருபத்தாறு வருடம் பிரஸ்ஸைப் பிடித்திருந்த கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதைச் சொன்னாலும் கத்திச் சொல்ல வேண்டும். அவள் இடது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் அவன் எழுந்து, அலமாரியிலிருந்து திட்டத் தாளை எடுத்து, 'ஷூ' என்று முடிகிற வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தான்: 'விசில் ஊதினா குணா தோள்ல தட்டணும்.' பிறகு, "கம்பளியே எடுத்துக்கலாம். பெட்ஷீட்டு தாங்காது" என்றான்.

8

முடிவுகள் கைவசம் சில இருந்தன. கரடி வருகிற முடிவு நான்கு பக்கம். வேகம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கரடிக்கு என் கதையைத் தவிர அங்கே வேறு வேலை இல்லை என்று தெரிந்தது. அருவியில் தண்ணீரே இல்லாத முடிவு ஒன்று. அருவியின் முன்னால் அவனுக்கு எல்லாம் கேட்டுவிடுகிற முடிவு ஒன்று. அதை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன்.

ஆகவே நான் கண்ணால் பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை வழியனுப்ப பஸ் நிலையம் போனேன். ஊத்துக்கோட்டை பஸ்ஸில் பண்டிகைக் கூட்டம். அவளுக்கு முன்னால் சன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் பையோடு கடைசி வரிசையில். நடுவில் நாற்பது தலை. அவள் எழுந்து திரும்பி, "சந்தோசமா கீறியா?" என்று கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கேட்டதா, வாயசைவைப் படித்தானா, தெரியாது. பதிலுக்கு அவன் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினான். விரல்களை விரித்தான். உள்ளங்கையை இரண்டு முறை திருப்பினான். மெதுவாக நெஞ்சுவரை இறக்கி, மூடி, அவளை நோக்கித் திறந்தான்.

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. குனிந்து சன்னல் வழியாக என்னிடம், "இன்னா சொல்றாரு பாத்தியா!" என்றாள்.

"இன்னாக்கா சொல்றாரு?"

பஸ் கிளம்பிவிட்டது.

போய்த் திரும்பி வந்துவிட்டார்கள். மதியம் எதிரே உட்கார்ந்து, வெயிலில் கறுத்த முகத்தோடு, "அவரு இன்னா சொன்னாருன்னு சொல்லட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். அந்தச் சைகைக்கு நான் எழுதிப் பார்த்த பொருள் எல்லாம் அவன் கையைவிடச் சின்னதாக இருக்கிறது. நீங்கள் ஒரு தடவை செய்து பாருங்கள்: கையைத் தூக்கி, விரித்து, இரண்டு முறை திருப்பி, நெஞ்சுவரை இறக்கி, மூடி, திறந்து. பக்கத்தில் வேண்டியவர் யாராவது இருந்தால் அவரைப் பார்த்துக்கொண்டே. அப்போது உங்கள் வாயில் வருகிற சொல்லை இதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்.