ஒரு கைப்பிடி மேலுரம்

சிவபாண்டிக்கு எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வராது. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் நெல் போடுகிற மனிதர். அடுத்தவன் வயலில் பயிர் வெளிறியிருந்தால்கூட இறங்கி ஒரு தூரைப் பிடுங்கி, வேரை மோந்து பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அப்பேர்ப்பட்டவரிடம் போய், "பாத்துக்கிட்டா மட்டும் போதும்ப்பா, எதையும் தொட்டுறாதீங்க" என்று இரண்டு தொட்டிகளை ஒப்படைத்துவிட்டுத் தொண்டிக்குக் கிளம்பிவிட்டாள் மகள் பவதாரிணி.

அவள் கடற்புல் ஆராய்ச்சி செய்கிறவள். கல்லூரியில் தொட்டி வைக்க இடம் கிடைக்காததால் காளவாசலில் குடியிருந்த வாடகை வீட்டு மொட்டைமாடியிலேயே நிழல்வலை கட்டித் தொட்டிகளை வைத்திருந்தாள். உள்ளே கடல்தண்ணீர், அடியில் கடல்மணல், மணலில் புல். தொண்டிப் பக்கம் இழுவலைகள் அரித்து அரித்து ஒரு புல்வெளியே மொட்டையாகிக் கிடந்தது. கரையொதுங்கிய தூர்களைப் பொறுக்கி வந்து இங்கே தேற்றி, மறுபடி அங்கே நடவேண்டும். இந்த நாற்று பிழைத்தால்தான் நடவு. இல்லையென்றால் இந்த வருஷமும் அந்தக் கடல்தரை தரிசுதான்.

மகள் வீட்டில் வந்து தங்கிய சிவபாண்டி முதல் வேலையாகத் தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். குமட்டியது. கிணறு லேசாக உவர்த்தாலே அவர் நெல் கருகிவிடும். இந்த உப்பில் ஒரு புல் நிமிர்ந்து நிற்கிறது! தொட்டிக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தார். வெயில் ஏற ஏற இலை விளிம்பில் பொடிக்குமிழிகள் பூத்தன. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் மகளுக்குப் போன் போட்டார்.

"ஏத்தா, இது பூக்குமா?"

"பூக்கும்ப்பா. தண்ணிக்குள்ளயே."

"அப்ப மகரந்தத்த யாரு கொண்டு போறது? தேனீ முங்குநீச்சலடிக்குமா?"

அவள் சிரித்துவிட்டாள். "தண்ணியே கொண்டுபோயிரும்ப்பா. இந்தப் புல்லத்தான் கடல்பசு மேயும்."

"கடலுக்குள்ள மாடா? எம்புட்டுத் திங்கும்?"

"நம்ம மாட்டவிடக் கூட."

அன்றைக்குக் காளவாசல் டீக்கடையில் கடலுக்குள் மேய்கிற மாட்டைப் பற்றித் தெரியாதவர்கள் யாரும் மிச்சமில்லை.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. இலைகள் மஞ்சளடிப்பதாக அவருக்குத் தோன்றியது. நட்ட பயிர் வேர் பிடிக்கும்வரை அப்படித்தான் இருக்கும் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்கவேண்டுமே! வீட்டுச் சொந்தக்காரம்மா முனீஸ்வரி மாடித் தோட்டத்துக்கு வாங்கிவைத்த யூரியா மூலையில் கிடந்தது. எதையும் முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பார்க்கிற கவனக்காரர் அவர். அதனால் நெல்லுக்கு மேலுரம் போடுவதுபோல ஒரு தொட்டியில் மட்டும் ஒரு கைப்பிடி தூவினார்.

சில நாளில் அந்தத் தொட்டி பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது. சிவபாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. "தாயி, ஒரு தொட்டி அருமையா பச்ச கட்டிருச்சு" என்று போனில் பீற்றிக்கொண்டார்.

உடனே அவள், "என்ன பச்சப்பா? தண்ணியா, புல்லா?" என்றாள்.

அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் தொட்டிக்குள் கைவிட்டாள். நூல்நூலாகப் பாசி வந்தது. அதற்கு அடியில் புல் பழுப்பேறிக் கொழகொழத்துக் கிடந்தது.

"நாந்தான்த்தா. யூரியா போட்டேன்" என்றார் சிவபாண்டி.

"சொல்லிட்டுத்தானப்பா போனேன்!" பக்கத்துத் தொட்டியை எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதில் புல் முன்போலவே நின்றது. அவருக்கு அவமானமாக இருந்தது. ஆயுசு முழுக்கப் பயிர் வளர்த்த கை, பெற்ற மகளின் நாற்றைக் கொன்றுவிட்டதே. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நெல்லுக்குப் போட்டா வளருது. இதுக்கு ஏன்த்தா ஆகல?"

"இங்க பாசி முந்திக்கிருதுப்பா. போர்வ மாதிரி இலை மேல படிஞ்சு வெயில மறைச்சிருது. புல்லு இருட்டுல கெடந்து செத்துருது." பாசியை உதறிவிட்டுச் சொன்னாள்: "ஆறு கடல்ல விழுகுற பக்கமெல்லாம் இப்பிடி மூடிப்போற எடம் இருக்கு."

"கடல்ல போயி யாரு யூரியா போட்டா?"

கேட்ட வாயோடு சிவபாண்டிக்குத் தன் வயல் மடை ஞாபகம் வந்தது. மேலுரம் போட்ட மறுநாள் மழை பெய்தால் மடையைத் திறந்துவிடுவார். தண்ணீர் ஓடைக்குப் போகும், ஓடை கண்மாய்க்கு, கண்மாய் நிறைந்தால் குண்டாற்றுக்கு.

"குண்டாறு எங்கத்தா போய்ச் சேருது?" என்றார் மெதுவாக.

"கடல்லதாம்ப்பா."

மிஞ்சிய தொட்டிப் புல்லைத்தான் தொண்டியில் நட்டாள். நினைத்த இடத்தில் பாதி தரிசாகவே கிடந்தது.

ஐப்பசியில் சிவபாண்டி மேலுரம் போட்ட அன்றைக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மண்ணை அள்ளி மடையில் அப்பி, குதிகாலால் மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வயல் அழகுபாண்டி வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"என்ன மாமா, மழ வார நேரத்துல மடைய அடைக்கிறீக?"

"உரம் போட்டிருக்கேன் மாப்ள. தண்ணி வெளிய போகக் கூடாது."

"போனாப் போகுது. போயி யாரு வயல்ல விழப்போகுது?"

"என் மக வயல்ல" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு கை மண்ணை அள்ளினார் சிவபாண்டி.