தினகரனின் வலது கை மேல் ஒரு சந்தேகம்

1

இந்தக் கதை முசரவாக்கம் பஸ் ஸ்டாப்பில் கிடைத்தது. "எம் பொண்ணு சுகாசினி அமெரிக்காவுல டாக்டருக்குப் படிக்குதுபா. கடைசி புராஜெக்ட்டை நம்ம ஊர்லயே பண்ணிக்கினு இருக்குது" என்றார் பக்கத்தில் நின்ற ஜெபகுமார். பெருமை பேசுகிற அப்பாக்களை நான் லேசில் நம்பமாட்டேன். என்ன டாக்டர் என்று குடைந்தேன். ஆக்குபேஷனல் தெரபியாம். கைகால் விழுந்தவரை மறுபடி அன்றாட வேலைக்குப் பழக்குகிற படிப்பு. அந்த வேலையில் நுழைவதற்கே அங்கே டாக்டர் பட்டம் உண்டாம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சம் என் சந்தேகப் புத்தி சொன்னது.

2

பிள்ளையார்பாளையத்துக் காலை வெயில் பட்டு நூலின்மேல் பட்டுத் தெறி— (அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

சுகாசினிக்குத் தினகரன் மேல் சந்தேகம். பக்கவாதத்தில் விழுந்த நெசவாளி அவன். அவள் கொடுத்த பயிற்சியில் தோள் வந்துவிட்டது, முழங்கை வந்துவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் ஒரு துணி கிளிப்பைக்கூடப் பிடிக்கமாட்டேன் என்கின்றன. காட்ட ஒன்றுமில்லை என்றால் புராஜெக்ட்டை முதலிலிருந்து செய்யச் சொல்வார்கள், பட்டம் தள்ளிப்போகும். அப்பாவோ ஊரெல்லாம் சொல்லித் தொலைத்திருக்கிறார்.

அன்று பயிற்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே தினகரன் வீட்டுக்கு வந்துவிட்டாள். தறியில் தினகரனின் மனைவி அகிலா, பக்கத்தில் அவன். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலில் ஓர் இழை அறுந்தது. அவன் வலது கை தானாகப் போய், இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கிவிட்டுத் திரும்பியது. பழக்கதோஷம். நிமிர்ந்தால் வாசலில் சுகாசினி.

3

"எத்தினி நாளாண்ணா இந்த நடிப்பு?"

அகிலாதான் பேசினாள். "வூட்ல ஒரு தறிக்குத்தாம்மா எடம். 'உன் வூட்டுக்காரரு கை வர்ற வரைக்கும் நீ உக்காரு'ன்னு மொதலாளி கைலாசம் சொல்லியிருக்காரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து நூல் சுத்திக் குடுத்துக்கினு கெடந்தேன். இப்பத்தான் பொடவை நெய்யறேன்."

"என்னைவிட நல்லா நெய்யறாம்மா" என்றான் தினகரன். "நான் சோறாக்கறேன். எனக்கு அது புடிச்சிருக்குது."

(இங்கே எனக்கே இடிக்கிறது. இவ்வளவு நல்ல புருஷனா? வெறும் சோம்பேறியாக இருந்தால்? அப்படியும் எழுதிப் பார்த்தேன். அப்போதும் அகிலா தறியைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அதனால் அவனை அப்படியே விட்டுவிட்டேன்.)

4

மாலையில் தினகரன் வீட்டிலிருந்தே வீடியோ கால். திரையின் ஒரு கட்டத்தில் அமெரிக்கப் பேராசிரியை. இன்னொன்றில் கைலாசம், தினகரனைச் சுகாசினிக்குக் காட்டிவிட்டவர் என்று அவளே மரியாதைக்கு அழைத்திருந்தாள்.

"அவர் கை இப்போது எப்படி?" என்று கேட்கிறார் பேராசிரியை.

'வந்துவிட்டது' என்று சொன்னால் டாக்டர் சுகாசினி. அகிலா தறியிலிருந்து எழுந்— (என்னால் எழுத முடியவில்லை.)

'வரவில்லை' என்றால் பட்டம் போச்சு. அதோடு, வந்துவிட்ட கையை வரவில்லை என்று சொல்வதற்கா அவள் அவ்வளவு தூரம் போய்ப் படித்தாள்?

கை வந்துவிட்டது, ஆனாலும் தறி அகிலாவுக்கே என்று அவளை வாதாட வைக்கலாம். நல்ல முடிவுதான். ஆனால் கைலாசம் மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, மறுநாள் காலையில் தறியிலிருக்கும் தன் பாவு நூலைத் தூக்கிக்கொண்டு போக ஆள் அனுப்புவார்.

உங்கள் மேலும் எனக்குச் சந்தேகம்தான். 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு நைசாக நழுவப் பார்ப்பீர்கள். விடமாட்டேன். சுகாசினி மைக்கைத் திறந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் தறிச் சத்தம் நின்றுவிட்டது. கைலாசம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் பேசுங்கள்.